கேபிளும் கோடுதான்: நெட்வொர்க் லேபை ஃபைலிலிருந்து எழுப்புவது

என் சர்வரில் ஒரு நெட்வொர்க் லேப், அதாவது மென்பொருளிலேயே ஓடும் சோதனை நெட்வொர்க், பல மாதமாக அப்படியே கிடந்தது. பன்னிரண்டு ரவுட்டர், நடுவில் இரண்டு சுவிட்ச், ஓரத்தில் ஒரு லினக்ஸ் மெஷின். பெயர் ‘டெஸ்ட்-2-ஃபைனல்-நியூ’. திறந்து பார்த்தால் ஐந்தாவது ரவுட்டரில் ஒரு ரூட்-மேப், அதாவது எந்த ரூட்டை ஏற்பது, எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல். அதை எதற்குப் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அழித்துவிடலாம் என்றால், மறுபடி கட்ட அரை நாள் ஆகுமே என்று கை வரவில்லை. சரி, வைத்துக்கொண்டு புதுச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்றால், உள்ளே இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ என்ற பயம்.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் பலரிடம் இப்படி ஒரு லேப் இருக்கும். இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்’. எந்திரங்களைக் கையால் நிறுவாமல், எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதி, மீதியைக் கருவியிடம் விட்டுவிடுவது. சர்வர் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் அதை அப்படியே தூக்கிவந்து நெட்வொர்க் லேபில் வைத்தால் சில இடங்களில் இடிக்கும். முக்கியமாக, கேபிள் என்ற இடத்தில்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஒரு காலத்தில் லேப் என்றாலே ரேக்தான். பழைய ரவுட்டர்களைத் தேடி வாங்கி, விசிறிச் சத்தத்தோடு வாழ வேண்டும். 2005-இல் கிறிஸ்டோஃப் ஃபில்லோ டைனமிப்ஸ் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். சிஸ்கோ 7200 போன்ற ரவுட்டர்களின் ஹார்டுவேரை மென்பொருளிலேயே பாவனை செய்து, அவற்றின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் நிஜ இமேஜைச் சாதாரண பிசியில் ஓட வைத்தது அது. ரவுட்டர் சும்மா இருக்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஐடில்-பிசி’ என்ற எண்ணைச் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரே ரவுட்டர் ஒரு சிபியு கோரை முழுசாக விழுங்கிவிடும். அப்படி விழுங்கவிட்டுப் படித்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அதன் மேல் படம் வரைந்து லேப் கட்டும் வசதியாக ஜிஎன்எஸ்3 வந்தது. 2007-இல், ஒரே கம்ப்யூட்டருக்குள் பல மெய்நிகர் எந்திரங்களை (விஎம்) ஓட வைக்கும் கேவிஎம் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அப்புறம் ரவுட்டர் நிறுவனங்களே தங்கள் மென்பொருளை விஎம் வடிவில் தர ஆரம்பித்தன. 2014-இல் சிஸ்கோ தன் லேப் மென்பொருளான விஐஆர்எல்லை வெளியிட்டது. ஈவ்-என்ஜியும் அதே பாதையில் வந்தது.

இவை எல்லாம் பெட்டி வாங்கும் செலவைத் தீர்த்தன. கை வேலை மட்டும் தீரவில்லை. ஐகானை இழுத்துப் போடு, கோடு வரை, ஒவ்வொன்றையும் பூட் செய், கன்சோலில் நுழைந்து ஹோஸ்ட்நேம் கொடு, ஐபி கொடு, எஸ்எஸ்ஹெச் திற. பன்னிரண்டு தடவை. ரேக் போய்விட்டது, ரேக்கில் வேலை செய்யும் பழக்கம் போகவில்லை.

‘அந்த மென்பொருள்களும் லேபை டெக்ஸ்ட் ஃபைலாகத்தானே சேமிக்கின்றன?’ என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஜிஎன்எஸ்3 புராஜெக்ட் ஒரு ஜேசான் ஃபைல், ஈவ்-என்ஜி லேப் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். ஆனால் அதைத் திறந்து பாருங்கள்: எந்த ஐகான் திரையில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். ஒரு ரவுட்டர் படத்தை அழகுக்காகக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினால், ஃபைல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் அது ஒரு மாற்றமாகத் தெரியும். மனிதர் எழுதி மனிதர் படிப்பதற்கான ஃபைல் இல்லை அது. வரைந்த படத்தைச் சேமித்த ஃபைல். கோடு (code) என்று நாம் சொல்வது இதற்கு நேர் எதிர்த் திசையில் போவது. முதலில் ஃபைல், அதிலிருந்து லேப்.

சர்வர் பக்கம் இந்த வழி முன்பே தெளிவாகிவிட்டது. 2010-இல் வேக்ரன்ட் வந்தது: ஒரு ஃபைலை எழுதி ஒரு கட்டளை கொடுத்தால் விஎம் எழும், இன்னொரு கட்டளையில் சுவடில்லாமல் போகும். 2012-இல் ஆன்சிபிள், 2014-இல் டெராஃபார்ம். கருவிகள் வேறுவேறானாலும் அடிப்படை எண்ணம் ஒன்று. ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று படிப்படியாகச் சொல்லாமல், ‘கடைசியில் இப்படி இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்வது. ஏற்கெனவே அப்படி இருந்தால் எதையும் தொடக் கூடாது. பத்து தடவை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இனி கேபிளுக்கு வருவோம். சர்வர் பார்ப்பவருக்கு நெட்வொர்க் என்பது குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. விஎம்மை ஒரு நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் ஐபி கிடைக்கும், அவ்வளவுதான் அவர் தேவை. அதனால் அந்தக் கருவிகளின் கண்ணோட்டத்தில் ‘நெட்வொர்க்’ என்பது பல எந்திரங்கள் கூடும் ஒரு பொது இடம். நெட்வொர்க் லேபில் நமக்குத் தேவை அது இல்லை. இந்த ரவுட்டரின் மூன்றாவது போர்ட்டையும் அந்த ரவுட்டரின் முதல் போர்ட்டையும் இணைக்கும் ஒற்றைக் கம்பி தேவை. வேக்ரன்ட்டோ டெராஃபார்மோ லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக அந்தக் கம்பியைப் போடச் சொன்னால், வழக்கமாக இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு லினக்ஸ் பிரிட்ஜை, அதாவது மென்பொருள் சுவிட்சை, வைக்கும். பிங் போகும், ரூட்டிங் புரோட்டோகாலான ஓஎஸ்பிஎஃப்-இன் நெய்பர் எழும்பும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

அப்புறம்தான் ஒரு நாள், கேபிளின் மறுமுனையில் யார் என்று காட்டும் ‘ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ்’ கொடுத்துப் பார்ப்போம். காலி. எல்எல்டிபியை இயக்கியிருக்கிறோமா? ஆம். இரண்டு பக்கமும்? ஆம். ஒரு முனையில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் போகிறது, மறுமுனையில் வருவதில்லை. நடுவில் இருக்கும் பிரிட்ஜ் அதைத் தின்றுவிடுகிறது. இதில் பிரிட்ஜின் மேல் குற்றமே கிடையாது. எல்எல்டிபி, பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் எல்ஏசிபி போன்றவை அனுப்பும் ஃபிரேம்கள் ஒதுக்கப்பட்ட பதினாறு மல்டிகாஸ்ட் முகவரிகளில் சிலவற்றுக்குப் போகின்றன. அந்த முகவரிக்கு வரும் ஃபிரேமைப் பிரிட்ஜ் அடுத்த பக்கம் கடத்தக் கூடாது என்பது ஸ்டாண்டர்ட். அது சுவிட்ச் போல நடந்துகொண்டது. நாம்தான் அதைக் கம்பி என்று நம்பினோம்.

கெர்னலில் இதற்கு ஒரு திருகு உண்டு. பிரிட்ஜின் குரூப் ஃபார்வர்டு மாஸ்க் வழக்கமாக 0. அதை 16384 என்று மாற்றினால் எல்எல்டிபி கடந்து போகும். எல்ஏசிபிக்கு அந்தத் திருகும் உதவாது, அதற்கான பிட்டைக் கெர்னல் ஏற்கவே மறுக்கும். ஆக, பிரிட்ஜை நம்பிக் கட்டிய லேபில் இரண்டு கேபிளைச் சேர்த்து எல்ஏசிபி பண்டில் செய்து படிக்க நினைத்தவர், தன் கான்ஃபிக்கில் தப்பைத் தேடி ஒரு மாலைப் பொழுதை இழப்பார்.

இதைவிட மோசமானது இன்னொன்று, ஏனென்றால் அதில் எதுவும் உடைந்ததாகத் தெரியாது. ஒரு ரவுட்டரில் இன்டர்ஃபேஸை ஷட் செய்கிறீர்கள். நிஜக் கம்பி என்றால் மறுமுனையும் உடனே டவுன் ஆகும், மாற்றுப் பாதை நொடிக்குள் பிடிக்கும். நடுவில் பிரிட்ஜ் இருந்தால் மறுமுனைக்கு ஒன்றும் தெரியாது. அதன் இன்டர்ஃபேஸ் அப் ஆகவே இருக்கும். ஓஎஸ்பிஎஃப்-இன் டெட் டைமர், வழக்கமான அமைப்பில் 40 நொடி, முடியும் வரை டிராஃபிக் குழியில் விழும். ‘எங்கள் டிசைனில் கன்வர்ஜென்ஸுக்கு 40 நொடி ஆகிறது’ என்று ஒருவர் ரிப்போர்ட் எழுதினால் அவர் அளந்தது டிசைனை இல்லை, லேபின் பொய்யை.

தனி கெர்னல் இல்லாமல் சர்வரின் கெர்னலிலேயே ஓடும் கன்டெய்னர் வழி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. ஒரே கெர்னலுக்குள் தனித்தனி ரூட்டிங் டேபிளும் இன்டர்ஃபேஸும் கொண்ட அறைகள். இரண்டு அறைகளை வெத் ஜோடி ஒன்றால் இணைக்கலாம். ஒரு முனையில் போட்டது மறுமுனையில் விழும், நடுவில் யாரும் இல்லை. ஒரு முனை விழுந்தால் மறுமுனை கேரியரை இழக்கும். கேபிள் என்றால் இதுதான். 2010-இல் மினிநெட் இதே உத்தியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியது. நோக்கியா பொறியாளர்கள் தொடங்கிய கன்டெய்னர்லேப், அதை வணிக ரவுட்டர் மென்பொருள்களுக்குக் கொண்டுவந்தது.

கன்டெய்னர்லேபின் ஃபைல் எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லிவிடலாம். முதல் வரி, லேபின் பெயர். அடுத்து நோடுகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அது எந்த வகை, எந்த இமேஜ். கடைசியில் லிங்குகள்: லீஃப்-1-இன் இத்1-உடன் ஸ்பைன்-1-இன் இத்1, லீஃப்-1-இன் இத்2-உடன் ஸ்பைன்-2-இன் இத்1. அவ்வளவுதான். ஆறு பெட்டி கொண்ட லீஃப்-ஸ்பைன் (ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனோடும் இணையும் அமைப்பு) முப்பது நாற்பது வரியில் முடிந்துவிடும். டிப்ளாய் என்றால் எழும், டெஸ்ட்ராய் என்றால் போகும். திரையில் எது எங்கே என்ற பேச்சே இல்லை. அதைப் படித்தால் போதும், வெள்ளைப் பலகையில் படத்தை நாமே வரைந்துவிடலாம்.

இங்கே கேபிள் ஃபைலின் முதல் தர உறுப்பினர். பிரிட்ஜின் பக்க விளைவாகப் பிறந்தது இல்லை. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் லிங்கை நேராக எழுத முடியாத எந்தக் கருவியும் நெட்வொர்க் லேபுக்கு அரைகுறைதான் என்பது என் கணிப்பு.

கன்டெய்னர் வடிவில் வராத ரவுட்டர்கள் இன்னும் நிறைய. அவற்றுக்கு விஆர்நெட்லேப் என்ற திட்டம் விஎம்மையே ஒரு கன்டெய்னருக்குள் போர்த்தித் தருகிறது. ஆனால் போர்த்தினால் பாரம் குறையாது. எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரூட்டிங் மென்பொருள் ஓடும் ஒரு கன்டெய்னர் சில பத்து எம்பி மெமரியில் அடங்கும், சில நொடியில் எழும். பெரிய சர்வீஸ் புரொவைடர் ரவுட்டரின் விஎம் ஒன்றே பத்து ஜிபிக்கு மேல் கேட்கும், எழப் பல நிமிஷம் எடுக்கும். லேபில் எதை எங்கே வைப்பது என்ற முடிவில் பாதி இந்தக் கணக்குதான். சோதிக்க வேண்டிய இரண்டு பெட்டிகளை நிஜ இமேஜில் வைத்துவிட்டு, சுற்றி நிற்கும் கூட்டத்தை எஃப்ஆர்ஆரில் நிரப்புவது பழைய தந்திரம்.

கம்பியும் பெட்டியும் எழுந்துவிட்டன. ஆனால் இன்னும் ஐபி இல்லை. அடுத்த மாடியில் ஐவன் பெப்பெல்ன்யாக் தொடங்கிய நெட்லேப் இருக்கிறது. அதில் நோடும் லிங்கும் சொன்னால் போதும். முகவரிகளை அதுவே ஒதுக்கும்: ரவுட்டரின் சொந்த முகவரியான லூப்பேக்குக்கு 10.0.0.0/24, இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவிலுள்ள லிங்குகளுக்கு 10.1.0.0/16, லேனுக்கு 172.16.0.0/16. ‘இந்த லேபில் ஓஎஸ்பிஎஃப் வேண்டும், இந்த நோடு இந்த ஏஎஸ்ஸில் பிஜிபி பேச வேண்டும்’ (பிஜிபி என்பது ஏஎஸ் எனப்படும் தனித்தனி நெட்வொர்க்குகளுக்கு இடையிலான ரூட்டிங் புரோட்டோகால்) என்று எழுதினால், அந்தந்த நிறுவனத்தின் கான்ஃபிக் மொழியில் டெம்ப்ளேட் வழியாக ஆன்சிபிள் கொண்டு இறக்கும். கன்டெய்னரா விஎம்மா என்பதைப் பொறுத்து கன்டெய்னர்லேபையோ வேக்ரன்ட்டையோ அதுவே கூப்பிட்டுக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணை நாமே கொடுக்காத நோடுகளுக்கு, பட்டியலில் வரும் வரிசைப்படி எண் விழும்; லூப்பேக் முகவரி அந்த எண்ணிலிருந்து பிறக்கும். நடுவில் ஒரு புது ரவுட்டரைச் செருகினால் அதற்குக் கீழே உள்ளவர்களின் முகவரி எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். நோட்டில் ‘10.0.0.7-ஐப் பார்’ என்று எழுதி வைத்தவர் அன்றைக்கு வேறு ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீண்ட நாள் வாழப்போகும் லேப் என்றால் எண்களை முதலிலேயே கையால் கட்டிவிடுவது நல்லது.

இத்தனை வசதி இருக்கும்போது எதுவரை தானியங்கியாக விடுவது? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேபில் மூன்று அடுக்கு உண்டு. அடியில் பெட்டியும் கம்பியும். நடுவில் ஹோஸ்ட்நேம், முகவரி, லாகின், சோதனைக்குச் சம்பந்தமில்லாத அடித்தள (அண்டர்லே) ரூட்டிங். மேலே, நாம் உட்கார்ந்ததே எதற்காகவோ அந்த விஷயம். ஒருவர் பிஜிபி ரூட்டுகளில் ஒட்டும் அடையாளமான கம்யூனிட்டியைப் புரிந்துகொள்ள லேப் கட்டுகிறார் என்றால், கீழ் இரண்டு அடுக்கும் ஃபைலிலிருந்து வரட்டும், மேல் அடுக்கைக் கையால் அடிக்கட்டும். அதையும் டெம்ப்ளேட்டிடம் விட்டால் லேப் மட்டும் தேர்ச்சி பெறும். அதே லேபை நாளைக்கு நிஜ நெட்வொர்க்கில் போகப்போகும் மாற்றத்தைச் சோதிக்க வைத்தால் கதை தலைகீழ். அங்கே மூன்று அடுக்கும் ஃபைலிலிருந்தே வர வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது. அடுக்குகள் மாறாமல் தானியங்கியின் எல்லை மட்டும் நகரும்.

டெராஃபார்ம் ஆட்கள் ‘ஸ்டேட் ஃபைல் எங்கே?’ என்று கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தையும் எழுதியதையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் பூசுவதற்காக டெராஃபார்ம் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. புரொடக்‌ஷன் டேட்டாபேஸை இடித்துவிட்டுக் கட்ட முடியாது என்பதால் அந்தப் பதிவேடு அவசியம். லேபை இடிக்கலாம். அதனால் கன்டெய்னர்லேபுக்கு டாக்கர் லேபிள்களே போதும். எந்தக் கன்டெய்னர் எந்த லேபைச் சேர்ந்தது என்று அதிலிருந்து தெரிந்துகொள்கிறது. ஃபைலை மாற்றினால் வழக்கமாக நாம் செய்வதும் கலைத்துவிட்டு மறுபடி எழுப்புவதுதான். லேபை டெராஃபார்மில் எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. சிஸ்கோவின் லேப் மென்பொருளான சிஎம்எல்-க்கு டெராஃபார்ம் புரொவைடரே இருக்கிறது. பலர் பகிரும் மைய சர்வரில் அது பொருந்தும். தனி ஆள் லேபுக்கு அந்தப் பதிவேடு பெரும்பாலும் சுமைதான்.

எழுப்பும்போது கால் தடுக்கும் இடங்கள் சில. முதலாவது, காத்திருப்பு. ஸ்கிரிப்ட் 22-ஆம் போர்ட் திறந்துவிட்டதா என்று பார்க்கும், திறந்ததும் கான்ஃபிக்கை இறக்கும், பாதி ரவுட்டர்களில் தோற்கும். ஏனென்றால் பல ரவுட்டர் மென்பொருள்களில் எஸ்எஸ்ஹெச் முதலில் எழும், லைன்கார்டும் இன்டர்ஃபேஸும் மெதுவாகப் பின்னால் வரும். ‘ஐந்து நிமிஷம் தூங்கு’ என்று ஸ்கிரிப்ட்டில் போடுவது எல்லாரும் ஒரு தடவை செய்யும் பாவம். வேகமான மெஷினில் நேரம் வீண், மெதுவான மெஷினில் அதுவும் போதாது. போர்ட்டைப் பார்க்காமல், நமக்கு வேண்டிய இன்டர்ஃபேஸ் ‘ஷோ’ கட்டளையில் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் சரி. விஆர்நெட்லேப் கன்டெய்னர்கள் பூட் முடிந்ததும் ‘ஹெல்தி’ என்று டாக்கரிடம் சொல்லும், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, போர்ட் பெயர். இத்0 எப்போதும் மேனேஜ்மென்ட். இத்1 என்பது அரிஸ்டாவில் ஈதர்நெட்1. ஜூனிப்பரின் ஜூனோஸில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் அதே இத்1 அங்கே ஜிஇ-0/0/0. இரண்டையும் கலந்து கட்டினால் ஒன்று தள்ளிப்போன கேபிள் கட்டாயம் ஒன்றாவது இருக்கும். மூன்றாவது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் ஜம்போ என்று அமைந்துவிட்டால் பிங் போகும், ஓஎஸ்பிஎஃப் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நடுக் கட்டத்திலேயே நின்றுவிடும். இன்டர்ஃபேஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற லினக்ஸ் வரம்பும் உண்டு. பிரிட்ஜுக்கு ஆசையாக நீளப் பெயர் வைத்தவர்கள் அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள்.

ஃபைலைக் கிட்டில் போட்டுவிட்டால் லேப் பத்திரம் என்று நினைப்பதும் முழு உண்மை இல்லை. இமேஜ் வெளியே இருக்கிறது. ‘லேட்டஸ்ட்’ என்ற டேகோடு எழுதிய ஃபைல், ஆறு மாதம் கழித்து வேறு மென்பொருளை எழுப்பும். அன்று வேலை செய்த கட்டளை இன்று ஏற்கப்படாமல் போகலாம். பதிப்பு எண்ணை ஃபைலிலேயே எழுத வேண்டும். லைசன்ஸ் காரணமாக வணிக இமேஜ்களைப் பொது இடத்தில் வைத்துப் பகிரவும் முடியாது. ஃபைலைத் தருகிறவர், இமேஜை எங்கே எப்படிப் பெறுவது என்பதையும் பக்கத்தில் எழுதித் தர வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் இந்த லேப் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. பாதையை முடிவுசெய்யும் கன்ட்ரோல் பிளேன் அச்சு அசலாக இருக்கும், பாக்கெட்டைக் கடத்தும் ஃபார்வர்டிங் சிப் இருக்காது. டேபிள் நிரம்பினால் ஹார்டுவேர் என்ன செய்யும், 100 ஜிபிபிஎஸ்ஸில் கியூ எப்படி நடந்துகொள்ளும், ஆப்டிக் மெதுவாகச் சாகும்போது எப்படித் தெரியும் என்பதெல்லாம் நிஜப் பெட்டியிடம் கேட்க வேண்டியவை.

அந்தப் பழைய லேபை ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஃபைலாக மாற்றினேன். டோப்பாலஜியை எழுதப் பத்து நிமிஷம்தான். ஒவ்வொரு ரவுட்டரின் ஓடும் கான்ஃபிக்கையும் எடுத்து, முகவரி, லாகின் போன்றவற்றைக் கழித்தால், சோதனைக்காகப் போட்டது என்று மிஞ்சியது மொத்தமே எழுபது வரிக்குள். அதில் ஐந்தாவது ரவுட்டரின் ரூட்-மேப்பும் ஒன்று. முன்பு அதைத் தொடவே பயந்தவன், இப்போது அதை எடுத்துவிட்டு எழுப்பிப் பார்த்தேன். ரிப் என்ற பழைய ரூட்டிங் புரோட்டோகால் வழியாக நேராகக் கிடைத்த ரூட்டை விட்டுவிட்டு, இன்னொரு ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்-க்குள் விட்டதால் சுற்றிவந்த அதே ரூட்டை ஐந்தாவது ரவுட்டர் பிடித்துக்கொண்டது. ரிப்பின் 120-ஐவிட ஓஎஸ்பிஎஃப்-இன் 110 மேல், குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை என்ற பழைய கணக்கு. ஓஎஸ்பிஎஃப்-க்குள் விடும்போது டேக் போட்ட அந்த ரூட்டுகளைத் தடுக்கத்தான் ரூட்-மேப். கலைத்தேன், திருப்பிச் சேர்த்து எழுப்பினேன், ரூட் தன் இடத்துக்கு வந்தது. அந்த வரிக்கு மேல் இப்போது ஒரு கமென்ட் இருக்கிறது. ‘டெஸ்ட்-2-ஃபைனல்-நியூ’ சர்வரில் இல்லை.